சாமி கும்பிடாதவர்களுக்கு பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை

வேலைக்காக பெங்களூர் வந்து செட்டிலான, எந்த மதத்திலும் பிடிப்பு இல்லாத தமிழர்களுக்காக இது. நாத்திகரோ, பகுத்தறிவாளரோ, 'அதைப் பற்றி யோசித்ததே இல்லையே' என்கிற ரகமோ, பெயர் எதுவானாலும் சரி. ஊரில் இருந்தவரை பலருக்கு இந்தச் சிக்கலே தெரிந்திருக்காது, ஏனென்றால் அங்கே நீங்கள் கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும் ஆடியில் கூழ் ஊற்றுவார்கள், பங்குனியில் தேர் ஓடும், தெருவே கிளம்பிப் போகும்போது நீங்களும் கூடவே போய் ஓரமாக நின்று பொரிகடலை தின்றுவிட்டு நாலு பேரைப் பார்த்துவிட்டு வரலாம். இங்கே எதிர் ஃப்ளாட்காரர் பெயரே பார்சல் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். சனி ஞாயிறு வந்தால் தூக்கம், ஓடிடி, மால், அப்புறம் திங்கட்கிழமை.

மதம் நமக்கு சில காரியங்களைக் கேட்காமலே செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. நாள் குறித்துக் கொடுத்தது. அதே முகங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியது. பந்தல் கட்டு, பந்தி பரிமாறு என்று கையில் ஒரு சின்ன வேலையும் கொடுத்தது. கூடவே பாட்டு, சாப்பாடு. நம்பிக்கையை விடும்போது இத்தனையும் சேர்ந்தே போய்விடுகிறது, போனது தெரிவதற்குக் கொஞ்ச காலம் ஆகும். அதனால் பொழுதுபோக்கு தேடும்போது 'எனக்கு எது பிடிக்கும்' என்று மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு நிலையான நாள் இருக்கிறதா, அதே ஆட்கள் வருகிறார்களா, நீங்கள் போகாவிட்டால் யாராவது 'ஏன் வரல' என்று கேட்பார்களா, இந்த மூன்றையும் பாருங்கள். வீட்டில் தனியாகச் செய்யும் ஓவியம், கிட்டார், சமையல் எல்லாம் நல்லதுதான், ஆனால் அவை இந்த இடத்தை நிரப்பாது.

முதலில் ஒன்றைத் தள்ளிவைத்துவிடலாம். கடவுள் இல்லை என்பதையே பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா அனுப்பும் நவக்கிரகச் செய்திக்கெல்லாம் மறுப்பு எழுதுவது முதல் வாரம் சுவாரசியமாக இருக்கும், மூன்றாவது மாதம் உங்களுக்கே உங்கள் பதில்கள் மனப்பாடம் ஆகிவிடும். இதற்கு இந்த ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா 1976இல் அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழு அமைத்தார், புட்டபர்த்தி சாயிபாபாவுக்கே கடிதம் எழுதி சோதனைக்கு உட்பட முடியுமா என்று கேட்டார், அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நாடு முழுக்கப் பேச்சு. அந்தக் குழு 1977இல் கலைந்துவிட்டது. அதே மனிதர் 1962இல் பசவனகுடி நேஷனல் காலேஜில் தொடங்கிய பெங்களூர் சயின்ஸ் ஃபோரம் 60 ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. புதன்கிழமை சாயங்காலம் ஒரு அறிவியல் பேச்சு, பிறகு கேள்விகள். ஜூலையில் மாதம் முழுக்க விழா. யாரையும் அம்பலப்படுத்துவது அங்கே நோக்கமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். போய்ப் பாருங்கள், முன்வரிசையில் உட்காரும் பெரியவர்கள் பலர் ஒருவரை ஒருவர் பல வருஷமாகத் தெரிந்தவர்கள் என்பது உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே தெரியும். அன்றைய தலைப்பை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், சில பேச்சுகள் கன்னடத்தில் இருக்கலாம்.

பறவை பார்க்கப் போங்கள்

என்னைக் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான். செலவு குறைவு, காலையிலேயே முடிந்துவிடும், எந்த வயதுக்காரரையும் கூட்டிப்போகலாம். பெங்களூரில் பறவை பார்க்கும் குழுக்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன, மாதத்தின் இரண்டாம் ஞாயிறு லால்பாகில் கூடுவது பழைய வழக்கம். புதிதாகப் போகிறவர் பைனாகுலர் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்றில்லை. இரண்டு மூன்று நடைகளுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள், பிறகு 8×42 அளவில் (8 மடங்கு பெரிதாகக் காட்டுவது) ஒன்று வாங்கினால் போதும், 10 மடங்கு 12 மடங்கு என்று கடைக்காரர் சொன்னால் மயங்கவேண்டாம், கை ஆடும்போது படமும் சேர்ந்து ஆடும். போனில் மெர்லின் செயலி போட்டுக்கொண்டால் சத்தத்தை வைத்தே பறவையை யூகிக்கும். அதைக் கண்ணால் உறுதிப்படுத்தாமல் நம்பாதீர்கள், சில சமயம் அது சொல்லும் பறவை இந்த மாநிலத்திலேயே இருக்காது. பார்த்ததை ஈபேர்ட் என்கிற பறவைக் கணக்குத் தளத்தில் பதியுங்கள்.

ஒரு பயிற்சிக்கு, அல்சூர் ஏரிக்கரையில் கரும்பருந்தையும் செம்பருந்தையும் பிரித்துப் பாருங்கள். நகரத்தில் எங்கே பார்த்தாலும் வட்டமடிப்பது கரும்பருந்து, பெயர் கரும் என்றாலும் பழுப்பு நிறம், வாலில் லேசான பிளவு. வளர்ந்த செம்பருந்துக்கு வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு, குழப்பமே வராது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அந்தப் பக்கம் கூட்டிப்போனேன், தண்ணீருக்கு மேலே செம்பருந்து ஒன்று தாழ்வாக வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்து 'கருடன்டா' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் போனில் செம்பருந்து, 1 என்று தட்டினேன். 'என்ன எழுதுற?' என்றார். சொன்னேன். 'ஒண்ணுன்னா போட்ட? அந்த மரத்துக்கு மேல பாரு, இன்னொண்ணு உக்காந்திருக்கு.' உட்கார்ந்துதான் இருந்தது. அப்புறம் அவர் ஊருக்குத் திரும்பும்வரை கணக்கு அவர் பொறுப்பு.

வருஷத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இதில் பண்டிகையே இருக்கிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர் அங்கேயே வயல் ஓரத்திலோ கண்மாய்க்கரையிலோ 15 நிமிடம் நின்று பார்த்ததை எண்ணிப் பதிந்தால் போதும். பொங்கல் வைக்கும் வீட்டில் சும்மா உட்கார்ந்து 'நான் இதையெல்லாம் நம்புவதில்லை' என்று முகத்தை வைத்துக்கொள்வதைவிட, காலையில் தங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் கொக்கு எண்ணிவிட்டு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிடலாம்.

கோயிலுக்குப் போங்கள், கும்பிடத் தேவையில்லை

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு பெங்களூரில் கல்வெட்டைப் போலப் பொருத்தமான பொழுதுபோக்கு கிடைப்பது கஷ்டம். கல்வெட்டு பெரும்பாலும் கோயிலில்தான் இருக்கும், வேறு வழியில்லை.

டொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தொடங்குங்கள். சொக்கநாதர் என்றதும் மதுரையை நினைத்துக்கொண்டு போனால் உள்ளே நிற்பவர் பெருமாள், கல்வெட்டில் சொக்கப்பெருமாள். போசளர் (ஹொய்சளர்) காலத் தமிழ்க் கல்வெட்டுகள், 13ஆம் நூற்றாண்டு. நாம் தினமும் மேம்பாலத்தில் திட்டிக்கொண்டே கடக்கும் இந்த டொம்மலூருக்கு அதில் தொம்பலூர் என்கிற தேசிமாணிக்கப்பட்டணம் என்று பெயர். 'தமிழர்கள் எப்போ பெங்களூருக்கு வந்தீங்க' என்று யாராவது கேட்டால் சண்டை போடாமல் சொல்ல ஒரு பதில் கிடைக்கும். அதே உற்சாகத்தில் பேகூர் நாகநாதேசுவரர் கோயிலுக்கும் போய்விடுங்கள், அங்கே 890ஐ ஒட்டிய பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்றில் பெங்களூர் என்ற பெயரோடு ஒரு போர் குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் பார்த்தவருக்கு இந்த ஊர் யாருடையது என்ற வாட்ஸப் சண்டையில் ஆர்வம் குறைந்துவிடும்.

படிப்பது எப்படி? பயப்படாதீர்கள். 13ஆம் நூற்றாண்டு எழுத்து இன்றைய எழுத்துக்கு ரொம்பத் தூரமில்லை. பெரும்பாலும் புள்ளி இருக்காது, அதனால் க என்று இருப்பதை க்-ஆகவும் படித்துப் பார்க்கவேண்டும். எ, ஏ வித்தியாசம் இருக்காது, ஒ, ஓ-வும் அப்படியே. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. வடமொழிச் சொற்கள் மட்டும் கிரந்தத்தில் வரும். தொடக்கம் பெரும்பாலும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ', அதைப் பிடித்துக்கொண்டால் வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிடும். நடுவில் யார் யாருக்கு எவ்வளவு நிலம், எந்தக் குளத்துக்குக் கிழக்கே, இறையிலியாக (வரி இல்லாமல்), சந்திராதித்தவரை (சந்திர சூரியர் உள்ளவரை). பல கல்வெட்டுகளின் கடைசியில் சாபம் வரும்: இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையிலே குரால் (கபில நிறப்) பசுவைக் கொன்ற பாவத்திலே போவான். நில ஆவணத்துக்குக் கீழே அந்தக் காலத்துப் பெனால்டி ஷரத்து, நம்பிக்கை இல்லாதவருக்கு இதைவிட ரசிக்க என்ன வேண்டும்!

வெளிச்சம்தான் தந்திரம். டார்ச்சை நேரே அடித்தால் எழுத்து மறைந்துவிடும், கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கோடும் நிழலோடு எழுந்து நிற்கும். சாக்பீஸ், மாவு, விபூதி எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். பி.எல். ரைஸ் தொகுத்த எபிகிராபியா கர்நாடிகா ஒன்பதாம் தொகுதியில் (1905) பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கின்றன, முதலில் நீங்களே படித்துவிட்டு பிறகு அதைத் திறந்து சரிபாருங்கள். நிருபதுங்கா சாலையிலுள்ள மிதிக் சொசைட்டி பெங்களூர் வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வருகிறது, அவர்களுடைய படங்களில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடத் தெளிவாக இருக்கும்.

கோயிலுக்குள் நடந்துகொள்வதைப் பற்றி இரண்டு வார்த்தை. செருப்பைக் கழற்றுங்கள், பூசை நேரத்தில் சுவரோரம் டார்ச் அடித்துக்கொண்டு நிற்காதீர்கள், படம் எடுக்கும் முன் அர்ச்சகரிடம் கேளுங்கள். தீபாராதனைத் தட்டு உங்கள் முன் வந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்பார்கள். லேசாகத் தலையசைத்துவிட்டு ஒதுங்கினால் போதும், அங்கே நின்று கொள்கை விளக்கம் வேண்டாம். பிரசாதம் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், புளியோதரைக்குக் கொள்கை கிடையாது.

பாட்டுக்கும் இதே கணக்குதான். சாமராஜப்பேட்டை ஃபோர்ட் ஹைஸ்கூல் மைதானத்தில் ராமநவமி இசைவிழா நடக்கிறது, தொடங்கியது 1939இல், கர்நாடக சங்கீதத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் பாடிய பந்தல். ராமனை நம்பாமல் தோடியை ரசிக்கலாமா என்று கேட்பவரிடம், எனக்கு ராகம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே என்கிற சந்தை, அதற்கு வேர்க்கடலை மேல் நம்பிக்கை இருந்தால் போதும். கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி இரவு கரகம், தமிழ் வேர் உள்ள திகளர் சமூகத்தின் விழா, தர்மராயர் கோயிலில் கிளம்பி மஸ்தான் சாப் தர்கா வழியாகப் போகும், ஒரு தடவையாவது ராத்திரி முழித்திருந்து பாருங்கள்.

கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்து நம்பிக்கை போனவர்களுக்கு வேறு மாதிரி ஏக்கம் இருக்கும், நிறையப் பேர் சொல்வது கொயரைத்தான். நாலு குரலில் ஒன்றாகப் பாடிய பழக்கம் வீட்டுக் குளியலறையில் திரும்பக் கிடைக்காது. சர்ச்சோடு சேராத பாட்டுக் குழுக்கள் இந்த ஊரில் உண்டு, தேடிச் சேருங்கள். செப்டம்பர் 8 சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போக மனசு வந்தால் போய்விட்டு வாருங்கள், யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு கப்பன் ரீட்ஸ் சரியான இடம், 2023 ஜனவரியில் தொடங்கியது, சனிக்கிழமை காலை கப்பன் பார்க்கில் பாய் விரித்து அவரவர் புத்தகத்தைப் பேசாமல் படிக்கவேண்டும், அவ்வளவுதான். பேசவே வேண்டாம் என்பதால் முதல் நாள் பயமில்லை, நாலு வாரம் போனால் பக்கத்துப் பாய்க்காரர் தானாகவே சிரிப்பார். நாடகம் பிடிக்கும் என்றால் ஜேபி நகர் ரங்க சங்கரா, 2004இலிருந்து இருக்கிறது, ஒரு நிமிடம் பிந்தினாலும் கதவு திறக்காது, டிராஃபிக் என்ற சாக்கு அங்கே செல்லாது. கிரகண இரவுகளில் மொட்டைமாடிக்கு ஏற்பாடு செய்யுங்கள். 2025 செப்டம்பர் 7 ஞாயிறு ராத்திரி முழுச் சந்திர கிரகணம் பதினொரு மணிக்குப் பிறகு வந்தது, இப்படி ஒரு ராத்திரியில் ஃபிளாஸ்க்கில் டீயும் முறுக்கும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் பாதிப் பேர் வருவார்கள். கிரகணத்தில் சாப்பிடலாமா என்று பாட்டிகளோடு வாதம் செய்யவேண்டாம், முறுக்குத் தட்டை நடுவில் வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள்.

'நீவு யாவ ஜன?'

வீடு பார்க்கப் போனால் ஓனர் கேட்கும் கேள்வி இது, நீங்கள் என்ன ஆட்கள் என்று. நான் மதமற்றவன் என்று ஆரம்பித்தால் அவருக்குப் புரியாது, வீடும் கிடைக்காது. அவருக்குத் தெரியவேண்டியது கறி சமைப்பீர்களா, வாடகை ஒழுங்காக வருமா, ராத்திரி கூத்து இருக்குமா என்பதுதான், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சாதியைத் துருவினால் 'தமிழ்நாடு சார்' என்று நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேலும் துருவுகிற ஓனர் வீட்டில் இருப்பது கஷ்டம், அடுத்த வீட்டைப் பார்க்கலாம்.

அபார்ட்மெண்டில் விநாயகர் சதுர்த்தி சந்தா வரும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். என் யோசனை, சாப்பாட்டுச் செலவுக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஒரு வேலையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் இரவு பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தும் வேலை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது, உங்கள் தூக்கமும் அதைத்தான் கேட்கிறது. ஆபீஸ் ஆயுத பூசையில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று முக்கியம். நம்மில் சிலருக்கு நம்பிக்கை இல்லை என்று வெளியே தெரிந்தால் வீட்டில் முகச்சுளிப்போடு போகும், சிலருக்கு அடியும் மிரட்டலும் வரும், வீட்டைவிட்டே துரத்துவார்கள். உங்கள் நடைக்கோ வாசிப்புக்கோ வரும் நண்பர் எந்த வீட்டிலிருந்து வருகிறார் என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது. 'நாங்கள் எல்லாம் நாத்திகர்கள்' என்று குழுப் படம் போட்டு டேக் பண்ணாதீர்கள்.

தமிழ்நாட்டுக்காரர் கடவுள் இல்லை என்றால் இங்கே உடனே 'பெரியார் ஆளா' என்பார்கள். ஆம் என்றால் ஆம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் இல்லை. மதம் போன இடத்தில் மொழியை வைத்துக்கொள்கிறவர்கள் நம்மில் நிறைய, அதில் தப்பில்லை. அல்சூர் ஏரி பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1950இலிருந்து, நூலகமும் உண்டு. ஏரிக்கரையில் 18 வருஷம் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்த திருவள்ளுவர் சிலை. டிசம்பரில் தமிழ்ப் புத்தகத் திருவிழா, 2022இல் தொடங்கியது, அங்கே போய் ஒரு ஸ்டாலில் பில் போடும் வேலைக்குக் கையைத் தூக்கினால் ஒரே வாரத்தில் நாற்பது பேர் பழக்கமாவார்கள்.

காகிதத்தில்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாத்திகர் என்று பதிவானவர்கள் நாடு முழுக்கச் சுமார் 33 ஆயிரம் பேர்தான், அதில் தமிழ்நாட்டின் பங்கு 1,300ஐ ஒட்டி. பெரியார் பிறந்த மாநிலத்தில் இவ்வளவுதானா என்று சிரிக்கலாம், ஆனால் கணக்கெடுக்க வந்தவர் பெயரைப் பார்த்தே மதத்தை எழுதிக்கொண்டு போவதும் அப்பா முந்திக்கொண்டு சொல்லிவிடுவதும் நாம் பார்த்ததுதான். அடுத்த தடவை வருபவரிடம் நீங்களே எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள். மதத்தை அறிவிக்கும்படி அரசு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. பட்டியல் சாதியினர் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும். 1950 ஆணைப்படி அந்தத் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே உண்டு, எனவே சான்றிதழ்களில் மதக் கட்டத்தை மாற்றுமுன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

கல்யாணம் பண்ணப்போகிறவர்கள் கவனிக்க: சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கும், இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு அண்ணா ஆட்சியில் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், கர்நாடகத்தில் அது செல்லாது. பெங்களூரிலேயே சடங்கில்லாமல் செய்வதென்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்கவேண்டும், நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்கவேண்டும், நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு முடிக்கவேண்டும். அதனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போய் தேதியைக் கணக்குப் போட்டுவிடுங்கள்.